செந்துறை ரோட்டில் வளர்ந்த மேடு

அரியலூரிலிருந்து செந்துறை போகும் ரோட்டில், ஐந்தாவது மைல்கல்லுக்கு அப்பால், சிலோனிலிருந்து வந்த பதினொரு குடும்பங்கள் குடிசை போட்ட இடத்தில், தரை நாளுக்கு ஒரு நெல்மணி உயரம் வளர்ந்தது. 1973 ஆவணியில் தொடங்கிய இந்த வளர்ச்சியை முதலில் கண்டவள் தையல் டீச்சர் ரெங்கம்மாள். காத்தாயியின் குடிசையில் உட்கார்ந்து அவள் பித்தான் துளை போடச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கீழே வைத்த நூல்கண்டு தானாக உருண்டு, வாசலைத் தாண்டி, வேலிக்கருவைப் புதர்களுக்கு நடுவே ஓடி, ரோட்டோரப் பள்ளத்தில் போய் நின்றது. எடுத்து வந்து வைத்தாள். மறுபடியும் உருண்டது. மூன்றாம் முறையும் உருண்டபோது காத்தாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தரைன்னா உருளத்தானே டீச்சர் செய்யும்?" என்றாள்.

காத்தாயி பிறந்தது, வளர்ந்தது, தாலி கட்டிக்கொண்டது எல்லாம் சிலோனில் அட்டன் பக்கத்து மலைச்சரிவு ஒன்றில். வைத்த சாமான் வைத்த இடத்தில் நிற்கும் என்று அவள் எதிர்பார்த்ததே கிடையாது. முட்டுக் கொடுக்காமல் எதையும் கீழே வைக்காத பழக்கம் அந்தப் பதினொரு குடும்பத்து ஐம்பத்து மூன்று பேருக்கும் இருந்தது. அதனால்தான் ஒரு மாதமாகத் தரை எழும்பிக்கொண்டிருந்தும் குடியிருந்தவர்கள் ஒருவருக்கும் தெரியாமல் போனது.

அவர்கள் வந்து சேர்ந்த விதத்தையும் சொல்ல வேண்டும். அந்த வருஷம் சித்திரையில், திருச்சியிலிருந்து வந்த துணி பார்சலை எடுக்க ரெங்கம்மாள் அரியலூர் ஸ்டேஷனுக்குப் போயிருந்தாள். அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. பஞ்சாயத்து யூனியன் தையல் வகுப்பில் வேலை. லாரி ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் மூன்று வருஷத்துக்கு முன் பம்பாய்க்குப் போய், இரண்டு கடிதம் போட்டு, அதோடு நிறுத்திவிட்டான். பிளாட்பாரத்தில் பெரிய கூட்டம் ஒன்று மூட்டை முடிச்சுகளோடு உட்கார்ந்திருந்தது. அக்கினி நட்சத்திரம் தொடங்க நாலு நாள் இருக்கையில் அந்தப் பிள்ளைகள் கம்பளிச் சட்டை போட்டிருந்தன. பார்சல் கிளார்க் குருநாதன் விவரம் சொன்னார். இரண்டு சர்க்கார்களும் பேசி முடித்துக் கப்பலேற்றி அனுப்பிய தோட்டத் தொழிலாளிகள். ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, பூர்வீக ஊர் என்று காகிதத்தில் எழுதியிருந்த ஊர்களுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டவர்கள். காத்தாயியின் காகிதத்தில் வாலிகண்டபுரம் என்று இருந்தது. அவளும் அவள் புருஷன் அய்யம்பெருமாளும் பெரம்பலூர் பஸ் பிடித்து அங்கே போய், சிவன் கோயில் வாசலில் நின்று, பாட்டன் பெயரைச் சொல்லி ஒவ்வொருவராக விசாரித்திருக்கிறார்கள். அந்தப் பெயரில் இப்போது ஒரு வேப்பமரம்கூட இல்லை என்று ஊரார் மரியாதையாகவே சொல்லி, மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மற்றப் பத்துக் குடும்பங்களுக்கும் இதே கதை. ஒரே தோட்டத்து ஆட்கள் என்பதால், பிரிந்து போன எல்லோரும் பேசி வைத்தது போல ஸ்டேஷனுக்கே திரும்பியிருந்தார்கள்.

"ஏம்மா, இங்கேயே உட்கார்ந்திருந்தா எப்படி?" என்று ரெங்கம்மாள் கேட்டாள்.

"அங்க எங்கள இந்தியாக்காரங்கன்னாங்க. இங்க வந்தா சிலோன்காரங்கன்றாங்க. இந்த ஸ்டேஷன்ல மட்டுந்தான் இன்னும் யாரும் ஒண்ணும் சொல்லல" என்றாள் காத்தாயி. குற்றம் சொல்லும் குரல் இல்லை, விலாசம் சொல்லும் குரல்.

ரெங்கம்மாள் பார்சலை எடுக்காமலே வீட்டுக்குப் போய், ஐம்பத்து மூன்று பேருக்குப் புளிச்சோறு கிண்டிக்கொண்டு வந்தாள். அன்று ஆரம்பித்தது சங்கம். பதிவு செய்ய ஏழு கையெழுத்து வேண்டும் என்றார்கள். குருநாதன் இரண்டு போர்ட்டர்களையும், டீ ஸ்டால்காரரையும், ஒரு கம்பவுண்டரையும், தன் மாமனாரையும் பிடித்துப் போட வைத்தார். 'தாயகம் திரும்பியோர் குடும்ப உதவிச் சங்கம்' என்று பெயர். தலைவர் குருநாதன், செயலாளர் ரெங்கம்மாள். சொத்து ஒரு பெஞ்சு, ஒரு தகரப்பெட்டி, ஒரு பதிவேடு. ரேஷன் கார்டு வாங்குவது, மனு எழுதுவது, ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவது, பிறந்த சான்று இல்லாத பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று அது செய்த வேலைகளில் பாதி, ஒரு பெஞ்சிலிருந்து இன்னொரு பெஞ்சுக்குப் போய் உட்காருவதுதான். பிறந்த இடம் என்ற கட்டத்தில் 'தோட்டம்' என்று எழுதினால் போதாது என்று வாத்தியார் சொன்னபோது, 'பெரிய தோட்டம்' என்று ரெங்கம்மாள் திருத்தி எழுதினாள். சேர்த்துக்கொண்டார்கள்.

நாலு மாதம் அலைந்து, செந்துறை ரோட்டில் இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட் புறம்போக்கைச் சங்கம் வாங்கிக் கொடுத்தது. சுண்ணாம்புக்கல் நிலம். ஆடு கூட மேயப் பிரியப்படாத இடம் என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை. தோட்டத்தில் கூலிகளுக்குக் கட்டியிருந்த லயங்களைப் போலவே பதினொரு குடிசைகளையும் ஒரே வரிசையாகப் போட்டார்கள். ஆண்கள் கல் உடைக்கவும் கடலை வெட்டவும் போனார்கள். பெண்கள் தையல் கற்றுக்கொண்டார்கள். கொழுந்து கிள்ளிப் பழகிய அந்த விரல்கள், மற்ற ஊர்ப் பெண்கள் ஒரு பித்தான் துளை போடும் நேரத்தில் நாலு போட்டன. இரண்டாம் வருஷமே பள்ளிக்கூடச் சீருடைகள் தைக்கும் வேலை சங்கத்துக்கு வந்தது.

தரை தன் பாட்டுக்கு வளர்ந்தது. எல்லைக்கு வெளியே இருந்த பனைமரத்தில் குருநாதன் சுண்ணாம்பால் கோடு போட்டு மாதாமாதம் அளந்தார். மாதத்துக்கு முப்பது நெல்மணி, தவறாது. விரிசல் விடவில்லை, நடுங்கவில்லை. அரிசி உலை எழும்புவது போல, நடுவில் அதிகமாகவும் ஓரத்தில் குறைவாகவும் எழும்பியது. எல்லை தாண்டி ஒரு சாண் கூட அகலவில்லை. குடிசைகள் சரியாமல் கூடவே ஏறின. மழைநீர் ஓட அய்யம்பெருமாள் வாய்க்கால் வெட்டினான், ஏறி இறங்கக் கல் பாவிப் படி வைத்தான். மேடு ஆள் உயரம் தாண்டியதும் காத்தாயி ஆசையோடு, மூட்டையில் முடிந்து வந்திருந்த தேயிலை விதைகளை ஊன்றிப் பார்த்தாள். முளைக்கவில்லை. அவ்வளவு அதிசயத்துக்கு அந்த மண் தயாராக இல்லை. கம்பு போட்டாள், நன்றாக வந்தது.

பக்கத்து நிலத்துக்காரர் ராசாங்கம். ஐந்து ஏக்கர் மானாவாரி வைத்திருந்தார். நாள் தவறாமல் எதிரே ஒரு மேடு எழும்புவதைப் பார்த்த அவருக்கு, மண் எங்கிருந்தோ வந்தாக வேண்டுமே என்ற நியாயமான சந்தேகம் வந்தது. 1976 தை மாதத்தில், 'மேற்படி சிலோன்காரர்கள் என் நிலத்து மண்ணைப் பூமிக்கு அடியில் இழுத்துக்கொள்கிறார்கள்' என்று தாலுகா ஆபீசில் மனு கொடுத்தார். தன் வரப்பில் நாலு இடத்தில் குழி தோண்டி, குச்சி நட்டு வைத்து, தினமும் காலையில் வந்து பார்த்துவிட்டுப் போனார். மேட்டுப் பிள்ளைகள் அவரைக் கண்டால் ஒளிந்துகொள்ளும். அவருடைய கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால், பெண்கள் ஒன்றரை மைல் நடந்து குடம் சுமந்தார்கள்.

மனு ஆபீசில் கிடந்தது. 1977 கார்த்திகையில் புயல் மழை கொட்டியது. ஓடைகள் உடைத்துக்கொண்டு, ரோடு எது வயல் எது என்று தெரியாமல் தண்ணீர் பரந்து நின்றது. ராசாங்கத்தின் மண்சுவர் வீடு மத்தியானத்தில் கரைந்து உட்கார்ந்தது. சுற்றிலும் பார்த்தால் தண்ணீருக்கு மேலே நின்றது அந்த மேடு ஒன்றுதான். அவர் மனைவி இருசம்மாள், "மானம் பார்க்கற நேரமா இது?" என்று கேட்டுவிட்டு, அவருக்காகக் காத்திருக்காமல் இரண்டு பிள்ளைகளையும் ஏழு ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். இடுப்பளவு தண்ணீரில் அவர் பின்னால் போனார். மேலிருந்து அய்யம்பெருமாளும் இன்னும் நாலு பேரும் கயிறு போட்டார்கள். காத்தாயி தன் குடிசையை ஒழித்துக் கொடுத்தாள். நாலு நாள் இருந்தார்கள். கம்பங்கூழும், பால் இல்லாத சாயத் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். முதல் நாள் ராசாங்கம் டம்ளரைக் கையில் வாங்கி வெகுநேரம் வைத்திருந்தார்.

"சக்கரை பத்தலீங்களா?" என்று காத்தாயி கேட்டாள்.

"அதெல்லாம் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு அவர் குடித்தார்.

தண்ணீர் வடிந்ததும் ராசாங்கம் வரப்புக் குச்சிகளைப் பிடுங்கிப் போட்டார். கிணற்றுப் படலைத் திறந்து வைத்தார். ஆனால் சர்க்காரில் ஒரு மனு நகரத் தொடங்கிவிட்டால் கொடுத்தவனாலும் அதை நிறுத்த முடியாது. 1978 மாசியில் கர்ணம் சங்கிலியோடு வந்து அளந்தார். மேட்டில் ஏறி இறங்கி அளந்ததில் இரண்டு ஏக்கர் நாற்பத்தொன்பது சென்ட் வந்தது. மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் அதேதான். ஒன்பது சென்ட் கூடுதலாக ஆக்கிரமித்திருப்பதால், சர்க்கார் நிலம் கொடுத்த ஒப்படையை ஏன் ரத்து செய்யக் கூடாது, முப்பது நாளில் ஏன் காலி செய்யக் கூடாது என்று பதினொரு குடும்பங்களுக்கும் நோட்டீஸ் வந்தது.

அன்று மேட்டில் ஒருவரும் அழவில்லை. அதுதான் ரெங்கம்மாளைப் பயமுறுத்தியது. அவள் போனபோது காத்தாயி பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, பெரியதற்குள் சிறியதாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அய்யம்பெருமாள் கூரையிலிருந்து நல்ல மூங்கில்களாகப் பார்த்து உருவிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே ஒரு முறை இதைச் செய்தவர்களின் கைப்பழக்கம் அது.

"என்ன காத்தாயி இது? இன்னும் விசாரணையே நடக்கல."

"விசாரிச்சுட்டுத்தான் டீச்சர் அங்கேயும் அனுப்பினாங்க. எம் மூத்த பொண்ணு ராசாத்திக்கு அந்த நாடுன்னு சீட்டு வந்துச்சு, எங்களுக்கு இந்த நாடுன்னு வந்துச்சு. எம் பொண்ணு எப்படி வேற நாடா இருக்க முடியும்னு கேட்டேன். அதையும் விசாரிச்சாங்க."

ராசாத்தியைப் பற்றி அவள் வாய் திறந்தது அன்றுதான். கல்யாணமாகிப் பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தாள். மாதம் ஒரு கடிதம் வரும். விடிந்ததும் உச்சிக்கு ஏறிப்போய், தென்கிழக்கே பார்த்து நின்றுவிட்டு வரும் வழக்கம் காத்தாயிக்கு இருந்தது. அங்கிருந்து எதுவும் தெரியாது. பார்வை மறைக்காமல் இருக்கிறதே, அது போதும் என்பாள்.

ரெங்கம்மாள் அடுக்கிய பாத்திரங்களில் ஒன்றை வெளியே எடுத்து, அதில் உலை வைக்கச் சொன்னாள். வீட்டுக்கு வந்து மிஷினில் உட்கார்ந்தாள். விசாரணை நாள் வரை அவள் மனு எதுவும் எழுதவில்லை. குருநாதனுக்குக் கவலையாகிவிட்டது. "டீச்சரம்மா, ரெண்டு வரியாவது எழுதி வைங்க. அதிகாரிங்க காகிதம்தான் கேட்பாங்க" என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தார்.

அதிகாரி சின்ன வயசுக்காரர், வெளியூர். தாள்களைப் புரட்டிவிட்டு, நிலம் எங்கிருந்து கூடியது என்று கேட்டார். ரெங்கம்மாள் பையிலிருந்து இரண்டு ரவிக்கைகளை எடுத்து மேஜைமேல் விரித்தாள். ஒன்று சாதாரணக் கை வைத்தது. மற்றது பஃப் கை வைத்தது.

"சார், ரெண்டுக்கும் அக்குள் சுற்றளவு பதினாலு இஞ்ச். நீங்களே அளந்து பாருங்க" என்று டேப்பை நீட்டினாள்.

அவர் தயங்கினார். பிறகு எழுந்து நின்று அளந்தார். பதினாலு, பதினாலு.

"ஆனா இந்தக் கையில துணி கூட வச்சிருக்கேன். அது பக்கத்துல பரவல, மேல எழும்பி நிக்குது. அதுக்காக, பக்கத்து ரவிக்கையிலேர்ந்து துணிய வெட்டிக்கிட்டேன்னு சொல்லலாங்களா? கர்ணம் ஐயா துணிய அளந்திருக்காரு. நீங்க குடுத்தது அக்குள் அளவு. அது இன்னிக்கும் ரெண்டு ஏக்கர் நாற்பது சென்ட்தான்."

அதிகாரி பஃப் கையை விரலால் அமுக்கிப் பார்த்தார். அது அமுங்கி, மறுபடி எழும்பியது. பிறகு ராசாங்கத்தைக் கூப்பிட்டு, நிலத்தில் மண் குறைந்திருக்கிறதா என்று கேட்டார்.

"இல்லீங்க."

"குறையுதுன்னு நீங்கதானே மனு கொடுத்திருக்கீங்க?"

"ஆமாங்க. அப்ப அவங்க வூட்ல நான் சாப்பிட்டதில்லீங்க" என்றார் ராசாங்கம்.

ஒப்படை நிலத்தின் பரப்பு எல்லைக்கல்லுக்கு எல்லைக்கல் மட்டமாக அளக்கப்பட வேண்டும், எழும்பிய பகுதி கணக்கில் சேராது என்று உத்தரவானது. அடுத்த வருஷம் பட்டாவும் வந்தது. கிராமக் கணக்கான அடங்கலில், நிலத்தின் தன்மை என்ற கட்டத்தில், கர்ணம் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு 'தரிசு, வளர்வது' என்று எழுதினார். கர்ணம் வேலையையே சர்க்கார் எடுத்துவிட்ட பிறகு வந்த புது அலுவலர், அதைப் பார்த்து அப்படியே நகல் எடுத்துக்கொண்டார்.

அந்த நாட்களில் ஒரு காலையில் ரெங்கம்மாளும் உச்சிக்கு ஏறினாள். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவளைக் காத்தாயி திரும்பிப் பார்த்தாள். ரெங்கம்மாளின் முகம் வடமேற்கே இருந்தது.

"வூட்டுக்காரரு அந்தப் பக்கங்களா டீச்சர்?"

"பம்பாய் அந்தப் பக்கந்தான்னு சொல்வாங்க."

"தனியா ஒரு பக்கம் பாத்து நின்னா கழுத்து வலிக்கும். நாளைக்கு வந்தா நீங்களும் எங்கூட எம் பொண்ணப் பாருங்க" என்றாள் காத்தாயி. அப்படியே செய்தார்கள். ரெங்கம்மாளின் புருஷன் வரவே இல்லை. பார்க்காத ராசாத்தியை மூன்று வருஷம் பார்த்துப் பார்த்து, அவள் சாயல் இப்படி இருக்கும் என்று ரெங்கம்மாளுக்கு ஒரு முகமே படிந்துவிட்டது.

1983 ஆடியில் அங்கே கலவரம் என்று ரேடியோ சொன்னது. கடிதம் நின்றது. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி எதிலும் வரவில்லை. சங்கம் எழுதாத இடமில்லை. தூதரகம், முகாம், செஞ்சிலுவை எல்லாவற்றுக்கும் குருநாதன் எழுதினார். மேடு அப்போதும் மாதத்துக்கு முப்பது நெல்மணிதான் வளர்ந்தது, ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யாருடைய அழுகைக்காகவும் அது வளர்வதில்லை என்று அவர் பதிவேட்டில் எழுதி வைத்தார். காத்தாயி சாப்பாட்டைக் குறைத்தாள், பேச்சை விட்டாள், தையலை மட்டும் விடவில்லை. அந்தத் தீபாவளிக்கு அவள் தைத்த சட்டைகளின் பித்தான் தையல்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்ததால், பித்தான்கள் துணி கிழிந்தாலும் அறுந்து விழவில்லை.

1984 மாசியில் மண்டபம் முகாமிலிருந்து தந்தி வந்தது. அடுத்த வாரம், ஏழு புதுக் குடும்பங்களோடு ராசாத்தி, புருஷன், இரண்டு பிள்ளைகள் அரியலூரில் இறங்கினார்கள். கூட்டிவரப் போன ரெங்கம்மாள் யாரையும் விசாரிக்காமல் நேராக அவளிடம் போய்ப் பையை வாங்கிக்கொண்டாள். முகம் நினைத்த மாதிரியே இருந்தது, நெற்றியில் ஆறிப்போன ஒரு வெட்டுக்காயம் தவிர.

மத்தியான பஸ் வந்து நின்றதைக் காத்தாயி மேலிருந்து பார்த்தாள். படிகளில் அவள் இறங்கினாள், ராசாத்தி ஏறினாள். பாதியில் எதிரும் புதிருமாக நின்றார்கள். பதினொரு வருஷம். ராசாத்தி சுற்றிலும் பார்த்தாள். வாய்க்கால்கள், லயம் போன்ற வீட்டு வரிசை, படிப்படியாய்க் கம்புக்கொல்லை.

"சமத்தரைக்குப் போறம்னுதானேம்மா சொன்னீங்க?"

"வந்தப்ப சமமாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் காத்தாயி அவளைக் கட்டிக்கொண்டாள். தோளில் சாய்ந்து அழுததில் இருவரும் இரண்டு படி சறுக்கிக் கீழே வந்தார்கள். அய்யம்பெருமாள் ஓடிவந்து பிடித்துக்கொண்டான்.

மேடு உயர்ந்ததே ஒழிய அகலவில்லை என்பதால், புதிதாக வந்த ஏழு குடும்பங்களுக்கும் ராசாத்தி குடும்பத்துக்கும் அங்கே இடம் போதவில்லை. இரண்டு மாதம் நெருக்கியடித்து இருந்தார்கள். சங்கம் விக்கிரமங்கலத்தில் ஒரு புறம்போக்கைக் கண்டுபிடித்தது. பக்கத்து நிலத்துக்காரர் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். பாவாடை என்ற அந்தக் குடியானவருக்கு அறுபது வயது இருக்கும். ரெங்கம்மாளும் ராசாத்தியும் போனபோது கடலைக்கொல்லையில் களை கொத்திக்கொண்டிருந்தார். காகிதத்தை வாங்கி வெயிலுக்குக் குடை போலத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, வந்தவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"செந்துறை ரோட்டு ஆளுங்கதானே?"

"ஆமாங்க" என்றாள் ரெங்கம்மாள்.

"அப்ப இங்கேயும் எழும்பும்."

பொய் சொல்ல ரெங்கம்மாளுக்கு மனம் வரவில்லை. "எழும்புங்க. நாளுக்கு ஒரு நெல்மணி" என்றாள்.

பாவாடை புறம்போக்கைப் பார்த்தார், தன் கொல்லையைப் பார்த்தார், சூரியன் இருக்கும் இடத்தைப் பார்த்தார்.

"சாயங்காலம் நெழலு நம்ம பக்கந்தான் வுழும்?"

"உங்க பக்கந்தாங்க. நீங்க கெழக்க இருக்கீங்க."

"கடல ஆய ஆளுங்களுக்கு வெயில்ல உக்கார முடியல. அது வளர எத்தனை வருசம் ஆவும்?"

"ஆள் ஒசரம் வர ஒரு வருசம் ஆவாதுங்க" என்றாள் ராசாத்தி. அந்த மண்ணில் அவள் சொன்ன முதல் உத்தரவாதம் அது.

பாவாடை ரெங்கம்மாளின் பேனாவை வாங்கி, முட்டியில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடலைக் களத்தை மேற்கே, புறம்போக்குப் பக்கமாக, நாலு கஜம் தள்ளிப் போட மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார்.